ஏறிவிடலாம், இறங்க வேண்டுமே: மலைத்தோட்டத்துக்கு எந்த மினி டிராக்டர்?

வத்தலக்குண்டில் 31 வருஷம் டிராக்டர் பட்டறை நடத்தினேன். கொடைக்கானல் கீழ்மலையிலிருந்து இறங்கி வரும் வண்டிகள்தான் எனக்குப் பாதி வேலை. இப்போது பட்டறையை மகன் பார்த்துக்கொள்கிறான். நான் பண்ணைக்காடு பக்கம் நாலு ஏக்கரில் காபி, மிளகு, மலைவாழை என்று இருக்கிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி மினி டிராக்டரைப் பற்றியவை. முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன். அதே சந்தேகம் இன்னும் பலருக்கு இருக்கிறது.

தாண்டிக்குடி வாசகர்: ஐயா, தாண்டிக்குடிக்கும் பெரும்பாறைக்கும் நடுவில் ஏழு ஏக்கர் வைத்திருக்கிறேன். சுமார் 4,000 அடி உயரம். மூன்று ஏக்கரில் பீன்ஸும் சௌசௌவும். இரண்டு ஏக்கர் கல்கட்டு வைத்த படிக்கட்டு நிலம். மீதி காபி. தார் ரோட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர் மண்பாதை, நடுவில் இரண்டு கொண்டை ஊசி வளைவு. உழவு, ரொட்டவேட்டர் வைத்து மண்ணைக் கிளறுவது, எரு ஏற்றுவது, காய் இறக்குவது எல்லாவற்றுக்கும் ஒரே வண்டியாக வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரர் 15 எச்.பி. தாராளம் என்கிறார். ஷோரூமில் 28 எச்.பி. எடுங்கள், விலை கொஞ்சம்தான் கூட என்கிறார்கள். மைத்துனர் 24 எச்.பி. ஃபோர் வீல் (நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போகும் வண்டி) எடுக்கச் சொல்கிறார். சரிவு ரொம்ப இல்லை, சாதாரணமாக நடந்து ஏறலாம். எதை எடுக்கட்டும்?

தம்பி, எச்.பி.யைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், சரிவைப் பற்றி ஒரே வரி. அதிலும் "நடந்து ஏறலாம்" என்று. மலையில் பிறந்தவன் கால் எங்கேயும் ஏறும், அதை வைத்து வண்டி வாங்கக் கூடாது. ஷோரூமுக்குப் போகும் முன்னால் நிலத்தை அளந்துவிடுங்கள்.

கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்குங்கள். பத்தடி நீளத்தில் வளையாத பைப் ஒன்று போதும். பைப்பின்மேல் ரசமட்டத்தைக் கட்டி, பைப்பின் ஒரு முனையை மேட்டுப் பக்கம் மண்ணில் வைத்து, மறுமுனையைச் சரிவுப் பக்கம் தூக்கிப் பிடியுங்கள். குமிழ் நடுவில் வந்து நின்றதும், தூக்கிய முனைக்கும் தரைக்கும் எவ்வளவு உயரம் என்று டேப் வைத்துப் பாருங்கள். ஓர் அடி இருந்தால் 10 சதவீதச் சரிவு. இரண்டடி என்றால் 20. இரண்டரை என்றால் 25, கோணக் கணக்கில் அது 14 டிகிரி. சராசரி எல்லாம் எடுக்க வேண்டாம். வண்டி போயே ஆக வேண்டிய இடங்களில் படு மோசமானவை எவையோ, அவற்றை மட்டும் அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மண்பாதையின் இரண்டு வளைவுகளையும் உள்பக்க ஓரத்தில் அளக்க மறக்காதீர்கள். வளைவின் உள்ஓரம்தான் எப்போதும் செங்குத்தாக இருக்கும்.

அளந்த பிறகு நான் பின்பற்றும் கணக்கு இது. பத்தடிக்கு ஒன்றரை அடி வரை, நிதானமான ஆள் ஓட்டினால் குறுக்காகவும் உழலாம். ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை, ஃபோர் வீல் வண்டி மட்டும், அதுவும் நேர் மேலே, நேர் கீழே. சரிவுக்குக் குறுக்கே வண்டியைத் திருப்பவே கூடாது. இரண்டரையைத் தாண்டினால் டிராக்டர் அங்கே போகக் கூடாது. அந்த நிலத்துக்கு மண்வெட்டியும் பவர் வீடரும் (பின்னால் நடந்து ஓட்டும் சின்னக் களையெடுப்பு இயந்திரம்) இருக்கின்றன. உழவே வேண்டாத பயிர்களும் இருக்கின்றன. அப்படிப்பட்ட சரிவைக் கிளறிவிட்டால் ஐப்பசி மழையில் மேல்மண் உங்கள் தோட்டத்தில் இருக்காது.

இப்போது மூன்று வண்டிகளையும் எடுத்துக்கொள்வோம்.

15 எச்.பி. வண்டிகள் (மஹிந்திரா யுவராஜ் 215, ஸ்வராஜ் 717 போன்றவை) சமவெளியில் தென்னந்தோப்புக்குள்ளும் பருத்திச் சாலுக்கு நடுவிலும் நன்றாக வேலை செய்பவை. ஒற்றை சிலிண்டர், எளிய இன்ஜின், எந்தப் பட்டறையிலும் பிரித்துப் பூட்டிவிடலாம். உங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் சொல்வது அந்த அளவில் சரி. ஆனால் அவருடைய நிலமும் உங்கள் நிலமும் ஒரே சரிவா என்று கேட்டீர்களா? டர்போ இல்லாத டீசல் இன்ஜின் உயரம் போகப் போக மூச்சு வாங்கும். 1,000 அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி குறையும் என்பது பழைய கணக்கு. உங்கள் உயரத்தில் 15 என்பது 13-ஆக நிற்கும். அதில் ரொட்டவேட்டரைச் சுற்ற பி.டி.ஓ. (பின்னால் மாட்டும் கருவிக்கு இன்ஜின் சக்தியைக் கொடுக்கும் தண்டு) வழியாக வந்து சேர்வது இன்னும் குறைவு. ஏற்றத்தில் தன்னையும் இழுத்துக்கொண்டு ரொட்டவேட்டரையும் சுற்ற அது திணறும்.

சக்தியைக்கூட விட்டுவிடலாம், மெதுவாக ஓட்டினால் வேலை முடிந்துவிடும். எனக்கு அந்த வண்டியில் பயம் இறக்கத்தில்தான். டிராக்டரில் பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான். இறக்கத்தில் வண்டியின் எடை முன்பக்கம் போய்விடுகிறது, பின் சக்கரம் இலேசாகிறது. ஈர மண்ணில் அந்த இலேசான சக்கரத்தைப் பிரேக் போட்டுப் பூட்டினால், சக்கரம் சுற்றாமல் நிற்கும், வண்டி வழுக்கிக்கொண்டே போகும். முன் சக்கரம் வெறுமனே உருளும். ஃபோர் வீல் போட்டிருந்தால் முன் சக்கரமும் கியர் பெட்டியோடு இணைந்திருக்கும். பின் சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக்கும் இன்ஜினின் பிடியும் அதற்கும் போய்ச் சேரும். நாலு சக்கரமும் சேர்ந்து மண்ணைப் பிடிக்கும். ஃபோர் வீல் என்றால் சேற்றில் ஏறுவதற்கு என்று நினைத்துத்தான் பலர் காசு கொடுக்கிறார்கள். மலையில் அந்தக் காசு இறங்குவதற்கு. பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்த வண்டிகளில் ஏறும்போது விழுந்தவற்றை விட இறங்கும்போது விழுந்தவைதான் அதிகம்.

28 எச்.பி. (ஜான் டீர் 3028இஎன் மாதிரி) நல்ல வண்டி, குறை சொல்ல மாட்டேன். மேல்மலையில் அகலமான நிலம் வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தும். ஆனால் எடை ஒரு டன்னைத் தாண்டும். உங்கள் மண்பாதையின் வெளி ஓரம் எதன்மேல் நிற்கிறது? வெட்டிப் போட்ட மண்மேலா, பாறைமேலா? மழைக்காலத்தில் கொட்டிய மண் ஊறி இருக்கும்போது அதிகப்படியான ஒவ்வொரு நூறு கிலோவும் அந்த ஓரத்தைத்தான் அழுத்தும். ஏழு ஏக்கரில் அந்தச் சக்தியை முழுதாகப் பயன்படுத்தும் வேலையும் உங்களுக்கு இல்லை.

ஆக, 21-லிருந்து 27 எச்.பி. வரையுள்ள ஃபோர் வீல் வண்டிதான் உங்களுக்கு. குபோட்டாவில் ஏ211என், பி2441, பி2741. மஹிந்திராவில் ஜிவோ 245. இந்த வரிசையில் உங்களுக்கு அருகில் எதற்குப் பாகம் கிடைக்கிறதோ அதை எடுங்கள். கார்த்திகையில் வண்டி நின்றால் பாகத்துக்காகப் பத்து நாள் காத்திருக்க முடியாது. இன்ஜின் பெயரை விட அது முக்கியம். உங்கள் மைத்துனர் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். இந்த வண்டிகள் ஒடுக்கமாக இருப்பதைப் பெருமையாகச் சொல்லி விற்பார்கள். ஒடுக்கம் சால்களுக்கு நல்லது, சரிவுக்குக் கெட்டது. கணக்குப் போட்டே பார்க்கலாம். இரண்டு பின் சக்கரங்களுக்கும் நடுவே 80 செ.மீ. இருந்து, ஒரு சக்கரம் 20 செ.மீ. உயரக் கல்லில் ஏறினால் வண்டி 14 டிகிரி சாய்கிறது. அதே கல், சக்கர இடைவெளி 110 செ.மீ. என்றால் 10 டிகிரிதான் சாயும். நிலமே 20 சதவீதச் சரிவு என்றால் அதுவே 11 டிகிரி. இரண்டையும் கூட்டுங்கள். ஒடுக்கமான வண்டி 25 டிகிரியில் நிற்கும். மேலே மருந்து டேங்கும் இருந்து, கீழ்ப்பக்கச் சக்கரம் எலி வளையில் இறங்கினால் வண்டி குடை சாய்ந்துவிடும். அதனால் டெலிவரி எடுக்கும்போதே பின் சக்கரத்தை எவ்வளவு அகலமாக வைக்க முடியுமோ அவ்வளவு அகலத்தில் மாட்டித் தரச் சொல்லுங்கள். சில வண்டிகளில் சக்கரத்தின் டிஸ்க்கைத் திருப்பிப் போட்டாலே இடைவெளி கூடும். ரொட்டவேட்டர் அந்தச் சக்கரத் தடத்தை மூடும் அகலத்தில் இருக்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம்.

படிக்கட்டு நிலத்துக்கு வருகிறேன். அகலம் எழுதவில்லை. நம் பக்கத்தில் பெரும்பாலும் ஒன்பது பத்தடிதான். நாலடி உயரக் கல்கட்டு என்றால், அந்த ஓரத்திலிருந்து நாலடி உள்ளே தள்ளித்தான் சக்கரம் போக வேண்டும். கட்டின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம். சிமென்ட் போடாமல் அடுக்கிய கல் பக்கவாட்டுப் பாரத்தைத் தாங்காது. ஒன்பதடியில் நாலடி போனால் மிச்சம் ஐந்து. அதற்குள் எப்படியோ நுழைந்துவிட்டாலும் கோடியில் எங்கே திருப்புவீர்கள்? அந்த இரண்டு ஏக்கருக்கு ஒரு பவர் வீடர் தனியாக வாங்குங்கள். ஒரே வண்டி எல்லாவற்றுக்கும் வேண்டும் என்ற ஆசை புரிகிறது தம்பி, ஆனால் உங்கள் நிலமே இரண்டு விதம். காபிக்குள்ளும் டிராக்டர் வேண்டாம், வேர் மேலாக ஓடுகிற செடி அது.

டிரெய்லர் விஷயத்தில்தான் எல்லோரும் என்னோடு சண்டை போடுவார்கள். பிரேக் இல்லாத டிரெய்லர், பாரத்தையும் சேர்த்து, டிராக்டரின் எடையைத் தாண்டக் கூடாது என்பது மலையில் என் சட்டம். வண்டி 700 கிலோ, காலி டிரெய்லர் 350 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஏற்றக்கூடியது 350 கிலோ. ஐம்பது கிலோ மூட்டை ஏழு. "ஏழு மூட்டைக்கா டிராக்டர் வாங்கினேன்?" என்பார்கள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு நீங்கள் டிராக்டரில் போகப் போவதில்லை, அரைக் கிலோமீட்டர் தள்ளித் தார் ரோட்டில் நிற்கும் வேனுக்குத்தான் இறக்கப்போகிறீர்கள். மூன்று நடை போங்கள். கொண்டை ஊசியில் பாரவண்டி பின்னாலிருந்து தள்ளினால் டிராக்டர் மடங்கிவிடும். எத்தனை எச்.பி. இருந்தாலும் அந்த நேரத்தில் உதவாது. குறைந்த பாரத்துக்கு ஹைட்ராலிக்கில் மாட்டும் பெட்டி ஒன்று அடித்துக்கொள்ளுங்கள், டிரெய்லரை விட அது நிம்மதி.

காசு கட்டும் முன் வண்டியை உங்கள் தோட்டத்துக்கே வரவழைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அளந்து குறித்த மோசமான இடத்தில், ஃபோர் வீல் போட்டு, முதல் லோ கியரில், பிரேக் மிதியடி இரண்டையும் கொண்டி போட்டு இணைத்து, கிளட்சைத் தொடாமல் இறக்கச் சொல்லுங்கள். வண்டி இன்ஜின் பிடியிலேயே நடந்து இறங்க வேண்டும். அதற்கு மேல் வேகம் எடுத்தால் அந்தக் கியர் உங்கள் நிலத்துக்குப் போதாது. ஏற்றிக் காட்டும்போது செங்குத்தான இடத்தில் ரிவர்ஸில் ஏறச் சொல்லிப் பாருங்கள். கனமான பக்கம் மேட்டை நோக்கி இருந்தால் முன்பக்கம் தூக்காது. வந்த ஆள் மறுத்தால், அந்த இடத்துக்கு நீங்களும் வண்டியைக் கொண்டுபோகாதீர்கள்.

கோத்தகிரி வாசகி: எங்கள் கேரட் நிலத்துக்குப் பழைய பவர் டில்லர் (பின்னால் நடந்து ஓட்டும் இரண்டு சக்கர உழவு வண்டி) வாங்கினோம். சமமான இடத்தில் சொன்னபடி கேட்கிறது. இறக்கத்தில் இடது கிளட்சைப் பிடித்தால் வலது பக்கம் போகிறது. மெக்கானிக் இரண்டு முறை பார்த்தும் கோளாறு தெரியவில்லை என்கிறார். கணவர் ஒரு முறை வேலியில் இடித்துவிட்டார்.

அம்மா, மெக்கானிக் பொய் சொல்லவில்லை. வண்டியில் கோளாறு இல்லை. டில்லர் வாங்கும்போது இதை யாராவது உங்கள் கணவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

கைப்பிடிக்குக் கீழே உள்ள இடது கிளட்சைப் பிடித்தால் இடது சக்கரத்துக்கு இன்ஜின் தொடர்பு அறுந்துவிடும். சமநிலத்தில் தொடர்பு அறுந்த சக்கரம் நின்றுவிடுகிறது, வலது சக்கரம் ஓடுகிறது, வண்டி இடதுபுறம் திரும்புகிறது. இறக்கத்தில் நடப்பது வேறு. அங்கே இன்ஜின் வண்டியை ஓட்டவில்லை, பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. இடது சக்கரத்தை விட்டுவிட்டால் அது பிடியிலிருந்து கழன்று வேகமாக உருளும். வலது சக்கரம் மட்டும் பிடிபட்டு நிற்கும். வண்டி வலது பக்கம் திரும்பிவிடும்.

"தலைகீழாகப் பிடித்துப் பழகிக்கொள்ளுங்கள்" என்பார்கள். நான் அதைச் சொல்ல மாட்டேன். பதற்றத்தில் கை பழைய பழக்கத்துக்குத்தான் போகும். இறக்கத்தில் அந்த இரண்டு கிளட்சையும் தொடவே வேண்டாம். முதல் கியர், குறைந்த ஆக்சிலேட்டர், திருப்ப வேண்டுமானால் கைப்பிடியைத் தோளால் தள்ளிக் கொஞ்சம் கொஞ்சமாக. அப்படித் திருப்ப முடியாத இடம் என்றால் அது டில்லருக்கான பாதை இல்லை. பின்னால் சீட் வைத்த டிரெய்லரில் உட்கார்ந்துகொண்டு யாரும் இறக்கத்தில் வரக் கூடாது. ரிவர்ஸ் போடும் முன் ரொட்டேரிக் கத்தியை நிறுத்திவிட வேண்டும், இதை வீட்டில் டில்லரைத் தொடும் எல்லோருக்கும் சொல்லுங்கள். பின்னால் கல் தடுக்கி விழுபவர் கத்திக்கு முன்னால்தான் விழுவார்.

ஆடலூர் வாசகர்: நிழலுக்கு வைத்த சில்வர் ஓக்கை வெட்டியிருக்கிறோம். மினி டிராக்டரில் சங்கிலி போட்டுத் தடியை மேலே இழுத்தால் முன் சக்கரம் தூக்குகிறது. முன்னால் இரண்டு பேரை உட்கார வைத்துச் சமாளிக்கிறோம். முன்னால் எவ்வளவு வெயிட் போட வேண்டும்?

இன்றைக்கே அந்த வேலையை நிறுத்துங்கள். முன்னால் உட்கார்ந்திருப்பவர்களை முதலில் இறக்குங்கள்.

என் அண்ணனை இப்படித்தான் 1998-இல் இழந்தேன். அவருக்கு டிராக்டர் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது, எனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்ததே அவர்தான். தடியின் முனை மண்ணில் குத்திக்கொண்டு நின்றது. சங்கிலியைக் கீழே டிராபாரில், அதாவது பின்னால் தாழ்வாக உள்ள இழுவைக் கம்பியில், போட்டால் தடி தரையைக் கிழிக்கிறது என்று, கொஞ்சம் மேலே, கருவியின் மேல்பிடியான டாப் லிங்க் மாட்டும் இடத்தில் கொக்கியைப் போட்டார். கியர் போட்டுக் கிளட்சை விட்டார். நான் இருபதடி தள்ளி நின்றேன். கூப்பிட வாயைத் திறப்பதற்குள் வண்டி பின்பக்கமாகப் புரண்டுவிட்டது.

அதற்கப்புறம் இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். பின் சக்கரம் சுற்ற முடியாமல் நின்றுவிட்டால், இன்ஜினின் விசை வண்டியின் உடம்பையே அச்சைச் சுற்றித் தூக்கப் பார்க்கும். சங்கிலி அச்சுக்குக் கீழே இருந்தால் இழுவை முன்பக்கத்தைத் தரையோடு அமுக்கும். அச்சுக்கு மேலே இருந்தால் அதே இழுவை வண்டியைப் பின்னால் மடக்கும். ஒன்றரை வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். மூளைக்குச் செய்தி போய்க் கால் கிளட்சுக்கு வருவதற்கு அந்த நேரம் போதாது. ஆகவே கவனமாக ஓட்டினால் தப்பிக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

சங்கிலி டிராபாரில் மட்டும்தான். தடியின் முனையைக் கூர் சீவி, அடியில் பலகை கொடுத்துக் குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீளத் தடியை அறுத்துக் குட்டையாக்குங்கள். மேட்டுக்கு இழுக்காமல் கீழ்ப்பக்கம் பாதை இருந்தால் அங்கே கொண்டுபோகப் பாருங்கள். அப்படியும் தூக்கினால் அந்தத் தடி உங்கள் வண்டிக்குப் பெரியது. வெயிட் போட்டு அதை மறைக்காதீர்கள். கையால் சுற்றும் வின்ச் ஒன்றை மரத்தில் கட்டி இழுத்தால் ஒரு நாள் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

சீட்டுக்குப் பின்னால் ஆளைக் காக்கும் இரும்புச் சட்டம் உங்கள் வண்டியில் இருக்கிறதா? பந்தலில் இடிக்கிறது, கிளையில் மாட்டுகிறது என்று நம் பக்கத்தில் கழற்றி வைத்துவிடுகிறார்கள். ஸ்வீடனில் 1959-லேயே புது டிராக்டர்களுக்கு இந்த இரும்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கினார்கள், அதற்குப் பிறகு அங்கே டிராக்டர் புரண்டு சாவது வெகுவாகக் குறைந்தது. மடிக்கும் வகை வாங்குங்கள். பந்தலுக்குள் போகும்போது மட்டும் மடித்து, வெளியே வந்ததும் நிமிர்த்துங்கள். நிமிர்ந்திருக்கும்போது பெல்ட் போட வேண்டும், மடித்திருக்கும்போது போடக் கூடாது. நிமிர்ந்த சட்டத்தோடு பெல்ட் உங்களை அந்தப் பாதுகாப்புக்குள்ளேயே வைத்திருக்கும். மடித்திருக்கும்போது அதே பெல்ட் உங்களை வண்டிக்கு அடியில் கட்டிப்போடும். சட்டம் இல்லாத புது வண்டி விற்க வந்தால், சட்டத்தோடு கொண்டு வா என்று சொல்லுங்கள். என் அண்ணன் வண்டியில் அது இல்லை. அப்போது எங்கள் ஊரில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததே கிடையாது.

மன்னவனூர் வாசகர்: பின் டயரில் தண்ணீர் நிரப்பினால் சரிவில் பிடிப்பு கூடும் என்கிறார்கள். செய்யலாமா?

செய்யலாம். எடை தாழ்ந்த இடத்தில் சேர்வதால் வண்டி நிதானப்படும். வால்வை உச்சிக்குக் கொண்டு வந்து, வால்வு மட்டம் வரை, அதாவது முக்கால் பங்கு மட்டும் நிரப்புங்கள். மீதிக்குக் காற்று வேண்டும். முழுக்க நிரப்பினால் டயருக்கு அமுங்கும் இடமே இருக்காது, கல்லில் மோதினால் அடி முழுதும் டயருக்கும் ரிம்முக்கும் போகும்.

ஆனால் உங்கள் ஊரில் மார்கழி, தையில் உறைபனி கொட்டும். வெறும் தண்ணீர் உறைந்தால் டியூப் கிழியும். கால்சியம் குளோரைடு கலந்தால் உறையாது, ஆனால் அது ரிம்மைத் துரு தின்ன வைக்கும், டியூப் உள்ள டயருக்கு மட்டும்தான் ஆகும். பஞ்சர் போட்ட பிறகு ரிம்மைக் கழுவாமல் மாட்டிவிடாதீர்கள். இந்த வேலையே வேண்டாம் என்றால் சக்கரத்தில் போல்ட் போட்டு மாட்டும் இரும்பு வெயிட் வாங்கிவிடுங்கள், அதைத்தான் நான் வைத்திருக்கிறேன். தண்ணீரோ இரும்போ, அந்த எடையும் இறக்கத்தில் உங்களோடு சேர்ந்துதான் இறங்கும். பிரேக் நன்றாக இருந்தால் மட்டும் போடுங்கள்.

சிறுமலை வாசகி: பெண் விவசாயிக்கு மானியம் கூட என்கிறார்களே? எந்த வண்டிக்கு மானியம் அதிகமோ அதையே வாங்கலாம் என்று இருக்கிறேன்.

வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 50 சதவீதம் வரை, மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரை. அதற்கு உச்சவரம்புத் தொகை உண்டு. பி.டி.ஓ. எச்.பி.யைப் பொறுத்தும், டூ வீலா ஃபோர் வீலா என்பதைப் பொறுத்தும் அது மாறும். வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் இந்த ஆண்டுத் தொகையைக் கேட்டு எழுதி வாங்குங்கள். உழவன் செயலியிலும் விண்ணப்பிக்கலாம். அனுமதி வரும் முன் வண்டியை எடுத்துவிட்டால் பணம் வராது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகியிருக்கிறது, பழைய விலைப் பட்டியலைக் காட்டினால் ஏமாறாதீர்கள்.

மானியத்தைப் பார்த்து அளவைத் தேர்ந்தெடுக்காதீர்கள் அம்மா. மானியம் ஒரு முறை வரும், சரிவில் தினமும் நீங்கள்தான் இறங்க வேண்டும். முதலில் பத்தடிப் பைப்பை எடுத்து அளந்து எனக்கு எழுதுங்கள்.

ஏற்காடு வாசகர்: பழைய ஃபோர் வீல் மினி டிராக்டர் ஒன்று விலைக்கு வருகிறது. ஃபோர் வீல் உண்மையில் வேலை செய்கிறதா என்று நானே எப்படிப் பார்ப்பது?

சமதரையில் நிறுத்தி, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்து, இன்ஜினை அணைத்து, முதல் கியரில் விட்டு, ஃபோர் வீல் லிவரைப் போடுங்கள். ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கி வைத்துத் தரையிலிருந்து தூக்குங்கள். அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் இருக்கலாம், ஆனால் சுற்றக் கூடாது. லிவரை எடுத்துவிட்டால் சுலபமாகச் சுற்ற வேண்டும். லிவர் போட்டிருக்கும்போதே சுற்றினால் உள்ளே பல்சக்கரம் போயிருக்கிறது, அல்லது யாரோ முன் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டைக் கழற்றி வைத்து ஓட்டியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் இதே மாதிரி பாருங்கள்.

பிறகு முன் அச்சின் எண்ணெய் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டு எடுங்கள். எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சீல் மட்டும் மாற்றிக் கொடுக்கிறேன் என்று விற்பவர் சொன்னால், பேரிங்கையும் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.